ஸ்க்ரூ இல்லை, முள்ளும் இல்லை! கொல்லர்கள் இரும்பை அடித்துச் செய்த சாலிஸ்பரி கடிகாரம் ஓடுவது எப்படி?

இங்கிலாந்தின் சாலிஸ்பரி பேராலயத்தில் சுமார் 4 அடி உயரத்தில் ஒரு இரும்புக் கடிகாரம் இருக்கிறது. அதில் முள் கிடையாது, எண்களும் கிடையாது. மணிக்கு ஒருமுறை மணியை அடிக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை.

கடிகாரத்தைப் பராமரிப்பவருக்கான வீடு பற்றி 1386-ம் ஆண்டு ஆவணம் ஒன்று பேசுகிறது. அதை வைத்து, உலகில் இன்றும் ஓடும் மிகப் பழைய கடிகாரங்களில் ஒன்றாக இது சொல்லப்படுகிறது.

பாகங்களைச் செய்தது எப்படி?

எல்லாமே உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்த தேனிரும்பு. முதலில் இரும்பைக் கம்பியாகவும் பட்டையாகவும் அடித்து நீட்டுவார்கள். சக்கரம் வேண்டுமா? பட்டையை வட்டமாக வளைத்து, இரு முனைகளையும் கிட்டத்தட்ட வெள்ளையாகும் வரை காய்ச்சி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அடிப்பார்கள். இரண்டும் ஒட்டி ஒரே இரும்பாகிவிடும். அதன் பிறகு அளவு குறித்து, ஒவ்வொரு பல்லையும் அரத்தால் ராவி எடுக்க வேண்டும். ஒரு பல் பிசகினாலும் சக்கரம் சிக்கிக்கொள்ளும்.

ஸ்க்ரூ இல்லாமல் எப்படி நிற்கிறது?

தச்சர் கதவுச் சட்டம் பூட்டுவது போலத்தான். ஒரு கம்பியில் துளை, இன்னொன்றில் அதற்குள் நுழையும் முனை. செருகிய பிறகு இரும்பு ஆப்பு அடித்தால் சட்டம் அசையாது. ஆப்பைத் தட்டி எடுத்தால் மொத்தத்தையும் கழற்றிவிடலாம். ஒரு பாகம் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

எது ஓட வைக்கிறது?

கயிற்றில் தொங்கும் கனமான கற்கள்தான். கல் கீழே இறங்க இறங்க, கயிறு சுற்றிய மர உருளை சுழன்று சக்கரங்களை இழுக்கும். தடை இல்லையென்றால் கல் சரசரவென்று இறங்கிவிடும். அதனால் மேலே ஒரு கிடைமட்டக் கம்பி இருக்கிறது. அது இடமும் வலமுமாகத் திரும்பும்போது, சக்கரம் ஒவ்வொரு பல்லாக மட்டுமே நகரும். கம்பியின் இரு முனைகளிலும் தொங்கும் சிறு எடைகளை வெளிப்பக்கம் நகர்த்தினால் ஓட்டம் மெதுவாகும், உள்ளே தள்ளினால் வேகமாகும். இந்த வகைக் கடிகாரங்கள் ஒரு நாளில் பல நிமிடங்கள் முன்பின் ஆவது சகஜம்.

அப்போ சர்ச்சை எங்கே?

1656-ல் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் பெண்டுலம் கடிகாரத்தைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு பழைய கடிகாரங்களில் கிடைமட்டக் கம்பியைக் கழற்றிவிட்டு பெண்டுலம் மாட்டினார்கள். சாலிஸ்பரி கடிகாரமும் தப்பவில்லை. 1884-ல் புதுக் கடிகாரம் வந்ததும் இது ஓரங்கட்டப்பட்டது. 1928-ல்தான் மறுபடி கவனத்துக்கு வந்தது. 1956-ல் பெண்டுலத்தை எடுத்துவிட்டு, பழைய முறையில் கம்பியைப் புதிதாகச் செய்து பொருத்தினார்கள்.

அதாவது, இன்று பார்வையாளர்கள் பார்க்கும் அந்த ஆடும் கம்பி 14-ம் நூற்றாண்டுடையது அல்ல! 1386-ம் ஆண்டு ஆவணம் பேசுவது இதே கடிகாரத்தைத்தானா என்றும் சில நிபுணர்கள் கேட்கிறார்கள். இரும்பில் தேதியோ, செய்தவர் பெயரோ இல்லை. சுத்தியல் தடம், அரத்தின் கீறல், ஆப்பு அடித்த இணைப்பு ஆகியவைதான் ஆய்வாளர்களுக்கு மிஞ்சும் சாட்சி.

இதனால்தான் பழைய கடிகாரத்தைச் செப்பனிடுபவர்கள் தேய்ந்த பாகத்தைக்கூட தூக்கி எறியாமல் பத்திரப்படுத்துகிறார்கள். புதுப் பாகம் கடிகாரத்தை ஓட வைக்கும். ஆனால் அதன் வயதைச் சொல்ல பழைய இரும்பால்தான் முடியும்.