ஆஃபிக்ளைடு: ஒரு கருவிப் பெயரும் அதன் மொழிபெயர்ப்புச் சிக்கலும்

பிரசெல்சு முதலிய ஐரோப்பிய நகரங்களின் இசைக்கருவி அருங்காட்சியகங்களில், ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள பித்தளைக் கருவி ஒன்றைக் காணலாம். இரண்டாக மடித்த கூம்புக் குழாயும், மேல்நோக்கி விரிந்த வாயும், குழாயின் பெருந்துளைகளை மூடும் வட்டத் தகடுகளும் அதன் உறுப்புகள். பெயர் ஆஃபிக்ளைடு. பாரிசில் அலாரி என அறியப்பட்ட ழான் இலேர் அஸ்தே என்பார் 1821இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

கிரேக்கத்தில் ‘ஓபிஸ்’ பாம்பு, ‘கிளெய்ஸ்’ திறவுகோல். ஆயின் இக்கருவியில் பாம்பின் சாயல் சிறிதும் இல்லை. இதற்கு முன்னோடியான ‘செர்ப்பென்ட்’ என்பதே பாம்புபோல் வளைந்தது. மரத்தாற் செய்து தோல் போர்த்தது. பிரெஞ்சுத் தேவாலயங்களில் பாடுவோர் குரலுக்குத் துணையாக ஒலித்தது. பொருள் மாறிய பின்னும் பழம்பெயர் புதியதன்மேல் ஏறிற்று. பாம்பு போயிற்று, சட்டை எஞ்சிற்று எனலாம்.

பெயரின் பிற்பகுதியும் கருதத்தக்கது. கருவியுறுப்பைச் ‘சாவி’ எனப் பெயர்த்தல் பொருந்தாது. திறக்கப் பூட்டு ஏதும் அங்கில்லை. ‘கிளெய்ஸ்’ என்பது ‘மூடு’ எனப் பொருள்படும் வினையோடு உறவுடையது. எனவே ‘மூடி’ என்னும் எளிய தமிழ்ச்சொல் அவ்வேர்ப்பொருளுக்கே நெருங்கியது.

இதனினும் பெரிய இடர் வகைப்பெயரில் உள்ளது. ஆங்கில வழக்கில் ‘பிராஸ்’ என்பது உலோகத்தைச் சுட்டுவதுபோல் தோன்றினும், உண்மையில் ஊதுவோன் இதழதிர்வால் ஒலிக்கும் கருவிகளையே குறிக்கும். மரத்தாலான செர்ப்பென்ட் அவ்வினத்தது. 1846இல் அடால்ஃப் சாக்ஸ் காப்புரிமை பெற்ற சாக்சபோன், உருவில் ஆஃபிக்ளைடை ஒத்துப் பித்தளையால் ஆயினும், நாணல் நாக்கினால் ஒலிப்பதால் ‘மரத் துளைக்கருவி’ எனப்படும். ‘பித்தளைக் கருவி’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பின் இம்முரண் முழுதும் தமிழில் வந்து குடியேறும். ‘கஞ்சக்கருவி’ எனின் தாளத்தையும் சேகண்டியையும் நினைப்போம். அது முற்றிலும் பிழை. கொம்பு, எக்காளம், திருச்சின்னம், சங்கு ஆகிய நான்கும் இதழதிர்வால் ஒலிப்பவையே. சங்கில் உலோகமே இல்லை. ஆதலின் ‘கொம்பினம்’ எனும் பெயரே தகும் என்பது என் கருத்து.

இங்கு ஒரு வரலாற்றுச் செய்தி குறிப்பிடத்தக்கது. கல்கத்தாவின் சௌரீந்திர மோகன் தாகூர் 1876இல் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டுக்கு இந்திய இசைக்கருவிகளைப் பரிசளித்தார். அவை பிரசெல்சு தொகுப்பிற் சேர்ந்தன. அதன் காப்பாளர் விக்தோர் மயியோன் 1880இல் வெளியிட்ட அட்டவணையின் நாற்பகுப்பு, நாட்டிய சாத்திரத்தின் நரம்பு, தோல், கஞ்சம், துளை என்னும் பகுப்பை அடியொற்றியது என்பர். ஹார்ன்போஸ்டெல், சாக்ஸ் இருவரும் (இவர் குர்ட் சாக்ஸ், முற்கூறிய அடால்ஃப் அல்லர்) 1914இல் அதனை விரித்தனர். இவ்வழியில், பொருளன்றி ஒலிக்கும் முறையே அளவையாயிற்று.

1835இல் பெர்லினில் காப்புரிமை பெற்ற டியூபா, ஆஃபிக்ளைடின் இடத்தை நாளடைவிற் கைப்பற்றியது. பெர்லியோஸ் 1830இல் இயற்றிய ‘சிம்ஃபொனி ஃபான்டாஸ்டிக்’ கையெழுத்தில் செர்ப்பென்டும் ஆஃபிக்ளைடும் இருந்தன. இன்றைய அரங்குகளில் பெரும்பாலும் டியூபாவே ஒலிக்கிறது. அக்குறிப்பைப் பெயர்ப்போர் மேடையில் உள்ளதை எழுதுவதா, ஏட்டில் உள்ளதை எழுதுவதா? ஏட்டிலுள்ள பெயரையே இட்டு, மாற்றத்தை அடிக்குறிப்பிற் சுட்டுதல் நன்று.