‘இது பிழை அல்ல’: ஒரு பட்டியலும் பழைய ஆட்டக்காரர்களின் நினைவும்

2019 மே மாதம், பழைய இணைய ஆட்டமொன்றின் மறுவெளியீடான ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்’ பீட்டா சோதனையில் இருந்தபோது, பிளிசார்டு நிறுவனம் ஒரு பட்டியலை வெளியிட்டது. சோதித்தவர்கள் பிழை என்று எழுதி அனுப்பியவற்றில் எவையெல்லாம் பிழை அல்ல, 2006-இல் இருந்தபடியே இருக்கின்றன என்று சொல்வது அதன் நோக்கம். டாரன் இனப் பாத்திரங்களின் கை மற்ற இனங்களைவிடச் சற்றுத் தொலைவு எட்டும். அது பிழை அல்ல. அச்சமூட்டும் மந்திரத்தில் சிக்கியவர்கள் வேகமாக ஓடுவார்கள், பிழை அல்ல. வாரியர் பாத்திரத்தின் உடல்நலம் மீளும் வேகம் சரிதான். வெட்டி வீழ்த்திய விலங்குகள் மறுபடி தோன்ற நேரமாகும். புதிய குவெஸ்ட் எங்கே கிடைக்கும் என்று மினிமேப் காட்டாது.

நினைவேக்கத்தைப் பற்றிப் பேசுபவர்களுக்கு இந்தப் பட்டியல் கைக்கு எட்டிய கனியாக அமைந்துவிட்டது. பதின்மூன்று ஆண்டுகளாகக் கேட்டதை உள்ளபடியே எடுத்துக் கொடுத்தார்கள். கேட்டவர்களுக்கே அது அடையாளம் தெரியவில்லை. ஆகவே அவர்கள் ஏங்கியது ஆட்டத்துக்காக அல்ல, அதை ஆடிய வயதுக்காக. வாதம் இப்படிப் போகிறது. 2013-ஆம் ஆண்டு பிளிஸ்கான் மாநாட்டில், பழைய பதிப்புக்கான சர்வர் வருமா என்று ஒரு ரசிகர் கேட்டபோது, உங்களுக்கு அது வேண்டும் என்று நினைக்கிறீர்கள், உண்மையில் வேண்டாம் என்னும் பொருள்பட பிளிசார்டைச் சேர்ந்த ஜே. ஆலன் பிராக் பதில் சொன்னார். மேற்படி வாசிப்பு அந்தப் பதிலுக்கே கல்வித்துறைச் சட்டை போட்டுவிடுகிறது. ஆறே ஆண்டுகளில் அந்த நிறுவனமே கிளாசிக்கை வெளியிட்டது என்பது அவ்வாசிப்பைப் பெரிதாக அசைக்கவில்லை.

அதை அசைக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. பட்டியலை ஒரே மூச்சில் படித்தால்தான் அது நினைவுப் பிழைகளின் தொகுப்பாகத் தெரியும். வரிவரியாகப் படித்தால் அது கலைந்துபோகிறது.

முதலில், அதிலுள்ள பல வரிகளுக்கும் பழைய நினைவுக்கும் தொடர்பே இல்லை. விலங்குகள் மறுபடி தோன்றும் வேகத்தைச் சொல்லும் வரி, அன்று நடப்பிலிருந்த ‘பேட்டில் ஃபார் அஸரோத்’ பதிப்பைப் பெயர் சொல்லி, அதைவிடக் கிளாசிக்கில் வேகம் மிகக் குறைவு என்கிறது. இந்தப் புகாரை எழுதியவர் 2005-ஐ 2019-உடன் குழப்பிக்கொண்டார் என்று கொள்ளத் தேவையில்லை; நேற்று ஆடிய ஆட்டத்தோடு இன்று ஆடுவதை ஒப்பிட்டார், அவ்வளவே. வரைபடத்தில் குவெஸ்ட் குறிகள் இல்லை என்ற புகாரும் இதே வகை. பீட்டா சோதனைக்கு வந்தவர்கள் எல்லோரும் பழைய ஆட்டக்காரர்கள் என்று எங்கும் சொல்லப்படவில்லை. இந்த வரிகளை நினைவுப் பிழைக் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

எஞ்சுபவை போர் நுணுக்கம் பற்றியவை. பட்டியலின் உயிர் இவற்றில்தான் இருக்கிறது. டாரனின் கை எவ்வளவு தொலைவு எட்டும், அஞ்சி ஓடுபவன் எவ்வளவு வேகமாக ஓடுவான், ‘சிட்’ கட்டளையால் உட்கார்ந்திருக்கும்போது கிரிட்டிக்கல் அடி விழுந்தால் எந்தெந்தத் திறன்கள் தூண்டப்படும்: இவை யாருடைய கேள்விகள்? பள்ளி விடுமுறையில் நண்பர்களோடு ஆடிய இனிய நாட்களை மங்கலாக நினைத்துப் பார்ப்பவர் இப்படிக் கேட்க மாட்டார். பல நூறு மணி நேரம் ஆடி, எதிராளி எவ்வளவு நெருங்கினால் அடி விழும் என்பதை விரல்களால் அறிந்து வைத்திருப்பவர்தான் கேட்பார். இங்கே தென்படுவது தேய்ந்த நினைவைவிடக் கூர்மையான பயிற்சி. அந்தப் பயிற்சியின் முடிவு பட்டியலோடு பொருந்தவில்லை என்பதுதான் விளக்கம் கேட்கும் செய்தி.

விளக்கம் தனியார் சர்வர்களில் கிடைக்கும். பிளிசார்டு தன் சர்வர் மென்பொருளை வெளியே கொடுத்ததில்லை. எனவே தன்னார்வலர்கள் ஆட்டக்காரரின் கணினியில் இருந்த கோப்புகள், பழைய வீடியோக்கள், போர்ப் பதிவுகள் ஆகியவற்றைக் கொண்டு சர்வரின் நடத்தையை ஊகித்துக் கட்டினார்கள். மேங்கோஸ் என்னும் திறமூலத் திட்டம் 2005-இலேயே தொடங்கிவிட்டது. 2015 பிப்ரவரியில் வந்த நாஸ்டால்ரியஸ் என்னும் தனியார் சர்வர், 2016 ஏப்ரலில் பிளிசார்டின் சட்ட அறிவிப்பால் மூடப்பட்டபோது, தன்னிடம் எட்டு லட்சம் கணக்குகள் பதிவாகியிருந்ததாகவும் ஒன்றரை லட்சம் பேர் தொடர்ந்து ஆடிவந்ததாகவும் அறிவித்தது. அங்கே ஆடியவர்களுக்கு 1.12 என்ற 2006-ஆம் ஆண்டுப் பதிப்பு பழங்கதை அல்ல. நேற்று மாலை வரை ஆடிய ஆட்டம். ஊகித்துப் போட்ட எண்கள் மூலத்திலிருந்து விலகிய இடங்களில் அவர்களுடைய எதிர்பார்ப்பும் விலகியது. அவர்களுடைய நினைவு தவறவில்லை. அது வேறோர் இடத்தைப் பற்றிய சரியான நினைவு.

இங்கே எச்சரிக்கை தேவை. பட்டியலில் புகார் எழுதியவர்களின் பெயர்கள் இல்லை. எந்தப் புகார் எந்தச் சர்வரின் பழக்கத்திலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாக நிறுவ முடியாது. ஆனால் சுற்றுச் சான்று வலுவானது. கிளாசிக் 2019 ஆகஸ்ட் இறுதியில் திறந்தது. ஒரு வாரத்துக்குள், தனியார் சர்வர்களில் ஆடிப் பழகிய ஏப்ஸ் என்ற கில்டு ரக்னரோஸ் என்னும் பாஸை வீழ்த்தியது. அக்குழுவில் எல்லோரும் 60-ஆம் லெவலைக்கூட எட்டியிருக்கவில்லை. ஆட்டம் முதன்முதலாக வெளியானது 2004 நவம்பரில். அன்று ரக்னரோஸ் முதன்முதலாக வீழ்ந்தது 2005 ஏப்ரலில். ஐந்து மாதம் ஒரு வாரமாகச் சுருங்கியதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்றைத் தவிர்க்கவே முடியாது: இந்த ஆட்டக்காரர்கள் இடையில் நிறுத்தியிருக்கவே இல்லை. சில தனியார் சர்வர்களில் பாஸ்களைக் கடுமையாக்கியே வைத்திருந்தார்கள். அவற்றோடு மோதிப் பழகியவர்களுக்கு மூல ஆட்டம் எளிதாகிவிட்டது.

நினைவேக்கம் என்றால் நிறுத்தியவரின் உணர்வு என்று எடுத்துக்கொண்டே பெரும்பாலும் ஆய்வு தொடங்குகிறது. ஒருவர் ஒன்றை விட்டு விலகுகிறார், காலம் போகிறது, தொலைவு அழகூட்டுகிறது. ‘முன்னாள்’ ஆட்டக்காரர் என்ற வகைப்பாடே இந்த எடுகோளின் மேல் நிற்கிறது. சந்தாப் பதிவேட்டில் முன்னாள் ஆனவர், நடைமுறையில் முன்னாள் ஆகியிருக்க வேண்டியதில்லை. 1999-இல் வந்த எவர்குவெஸ்டின் தொடக்கக் காலத்தை 2009 முதல் ‘புராஜெக்ட் 1999’ நடத்திவருகிறது. ‘ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்’ 2005 நவம்பரில் தலைகீழாக மாற்றப்பட்டபோது, மாற்றத்துக்கு முந்திய ஆட்டத்தைக் கட்டியெழுப்பும் வேலையைத் தன்னார்வலர்கள் கையில் எடுத்தார்கள். 2011 டிசம்பரில் அதிகாரபூர்வச் சர்வர்கள் அணைந்த பிறகும் அந்த வேலை தொடர்ந்தது. ஏங்கியபடியே ஆடிக்கொண்டிருந்தவர்கள் இவர்கள்.

பட்டியலைப் பற்றிய இன்னொரு சிக்கல் இதைவிட ஆழமானது. நினைவைச் சோதிக்க எடுத்துக்கொண்ட அளவுகோல் எது? பிளிசார்டு 1.12 பதிப்பைத் தன் அலுவலகத்தில் இயக்கி, ஐயம் வந்தபோதெல்லாம் அதோடு ஒப்பிட்டது. அளவுகோலாக அது துல்லியமானது, மறுப்பதற்கில்லை. ஆனால் 1.12 வெளியானது 2006 ஆகஸ்டில், முதல் பதிப்பின் கடைசிப் பெரிய பேட்சாக. 2005 ஏப்ரலில் ரக்னரோஸோடு மோதியவர்கள் ஆடியது அந்த ஆட்டம் அல்ல. அன்று போர்க்களங்கள் திறக்கவில்லை. பிளாக்விங் லேர் என்னும் ரெய்டு இல்லை. பல வகுப்புகளின் டேலன்ட் அமைப்பு பின்னால் மாற்றி எழுதப்பட்டது. ஏறக்குறைய இரண்டே ஆண்டு வாழ்ந்த ஆட்டம் பத்துப் பன்னிரண்டு முறை உருமாறியது. அதன் இறுதி நாட்களை வைத்து மொத்தத்தையும் அளந்தால், சரியாக நினைத்தவரும் தவறியவராகவே தெரிவார்.

இதில் இன்னுமொரு முரண் உண்டு.  வெவ்வேறு சர்வர்காரர்கள் ஒரே போர்க்களத்தில் மோதும் வசதி 1.12-இல்தான் வந்தது. அதுவரை போர்க்களத்தில் எதிரே நிற்பவரின் பெயர் தெரியும். நேற்றும் அவர்தான் வந்தார், நாளையும் வருவார். அந்த பேட்ச் அதை முடித்துவைத்தது. எந்த நெருக்கம் போய்விட்டது என்று பழைய ஆட்டக்காரர்கள் வருந்தினார்களோ, அதைக் கரைக்கத் தொடங்கிய பேட்சே ‘உண்மையான’ பழைய ஆட்டமாகத் தேர்வு செய்யப்பட்டது. நிறுவனத்தைக் குறை சொல்ல இடமில்லை. முழுத் தரவும் பத்திரமாக இருந்தது அந்தப் பதிப்புக்கே. ஆய்வாளருக்கு அந்தச் சமாதானம் கிடையாது. உரிமையாளரின் கிடங்கில் மிஞ்சியதை வரலாறு என்றும், ஆட்டக்காரரின் அனுபவத்தை மயக்கம் என்றும் வகுப்பது ஆய்வு முறையாகாது. அது வழக்கில் ஒரு தரப்பின் ஆவணத்தை மட்டும் படிப்பது.

பட்டியலில் இல்லாதவையும் பேசுகின்றன. டன்ஜனுக்குப் போகப் பொதுச் சாட்டில் ஆள் கேட்க வேண்டும். ஐந்து பேர் சேர்ந்த பின் வாசல் வரை நடந்தே போக வேண்டும். பாதியில் ஒருவர் போய்விட்டால் மறுபடி ஆள் தேட வேண்டும். 2009 டிசம்பரில் வந்த டன்ஜன் ஃபைண்டர் இதையெல்லாம் ஒரு பொத்தானாக்கிவிட்டது. கிளாசிக்கில் அந்தப் பொத்தான் இல்லை. அதைப் பற்றிய விளக்கம் எதையும் ‘பிழை அல்ல’ பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. இல்லாததை வைத்து வாதிடுவது வழுக்கும் தரை என்பது உண்மைதான். தெரிந்தே விட்ட வசதியைப் பிழை என்று யாரும் புகார் செய்ய மாட்டார்கள் என்று ஒருவர் சொல்லலாம். சொல்லட்டும். அப்படியானால் இந்த ஆட்டத்தில் எது இருக்காது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்றாகிறது. எண்களில் சறுக்கிய நினைவு, மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படிச் சார்ந்திருந்தார்கள் என்பதில் சறுக்கவில்லை. மறதியின் பரவல் இவ்வளவு ஒழுங்காக இருக்கும்போது அதை வெறும் இளமை மயக்கம் என்று தள்ள முடியாது.

ஸ்பெல் பேட்சிங் விவகாரம் இதற்கு நேர்மாறான பக்கத்தைக் காட்டுகிறது. பழைய சர்வர், மந்திரங்களை உடனுக்குடன் கணக்கிடாமல் சிறு தொகுதிகளாகச் சேர்த்துக் கணக்கிட்டது. கிளாசிக்கில் அந்தத் தாமதத்தைச் செயற்கையாக, 400 மில்லிசெகண்டு அளவில், மறுபடி உண்டாக்கினார்கள். உண்மைக்கு உண்மை. ஆட்டக்காரர்கள் அதைச் சுமையாகவே உணர்ந்தார்கள். 2021-இல் அது 10 மில்லிசெகண்டாகக் குறைக்கப்பட்டபோது பழமை போயிற்றே என்ற பேரெதிர்ப்பு எதுவும் எழவில்லை. டன்ஜன் ஃபைண்டரின் கதை வேறு. ‘விராத்’ விரிவாக்கத்தின் கிளாசிக் பதிப்பு 2022-இல் வந்தபோது, உறவுகளைக் காக்கவேண்டும் என்று நிறுவனமே அதைச் சேர்க்காமல் விட்டது. நீண்ட சர்ச்சைக்குப் பிறகே அடுத்த ஆண்டு சேர்த்தது. எதற்காகச் சண்டையிட்டார்கள், எதைப் பேசாமல் போகவிட்டார்கள் என்ற வேறுபாடே ஏக்கத்தின் வடிவத்தைக் காட்டும்.

இந்த வாதத்துக்கு உண்மையிலேயே தொல்லை தரும் சான்று ரூன்ஸ்கேப் என்னும் வேறோர் இணைய ஆட்டத்திலிருந்து வருகிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. 2013 பிப்ரவரியில் ஜேஜெக்ஸ் நிறுவனம், 2007 ஆகஸ்ட் மாதத்துக் காப்புப் பிரதியைக் கொண்டு பழைய ஆட்டத்தைத் திறக்கலாமா என்று வாக்கெடுப்பு நடத்தியது. 4,49,351 வாக்குகள் விழுந்தன. அந்தப் பிரதியில் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்னும் பொதுச் சந்தை இல்லை. பொருள் விற்க வேண்டுமானால் வாரக் நகரத்து வங்கி வாசலில் நின்று கூவ வேண்டும், ஆளோடு ஆள் பேரம் பேச வேண்டும். மனிதச் சார்புக்காகவே ஏங்கினார்கள் என்றால் இதைக் கட்டிக் காத்திருக்க வேண்டும். ஆனால் 2015-இல் அந்த ஆட்டக்காரர்களே நான்கில் மூன்று பங்குக்கு மேல் வாக்களித்து கிராண்ட் எக்ஸ்சேஞ்சைக் கொண்டுவந்தார்கள்.

ஆகவே ‘சார்பு’ என்ற விளக்கம் மட்டும் போதாது. அதைத் திருத்திச் சொன்னால் இரண்டு வழக்குகளும் ஒன்றாக நிற்கின்றன. இப்படித் திறந்த ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் எந்தப் புதுமையும் 75 விழுக்காடு ஆதரவு இல்லாமல் நுழைய முடியாது என்ற விதி நெடுங்காலம் இருந்தது. 2022-இல்தான் அது 70 ஆனது. ஆர்ட்டிசன், செய்லிங், வார்டிங் என்று புதிய திறன்கள் 2014, 2015, 2019-இல் முன்வைக்கப்பட்டு மூன்றும் வாக்கில் தோற்றன. செய்லிங் மறுபடி முன்வைக்கப்பட்டு 2023-இல் வென்றது. இவர்களுக்கு 2007 புனிதமான ஆண்டு அல்ல. 2007 டிசம்பரில் வில்டர்னஸ் பகுதியின் பழைய சண்டையை எடுத்ததும், 2012 நவம்பரில் போர் முறையையே மாற்றியதும் அவர்களைப் பெரும்பான்மையாகக் கேட்டு நடந்தவை அல்ல. அந்தக் காயத்துக்கு முந்திய ஒரு புள்ளியிலிருந்து, தம் சம்மதத்தோடு, வேறொரு வழியில் நடக்க விரும்பினார்கள். கிளாசிக்கில் ஹார்டுகோர் எழுந்ததும் இப்படித்தான்: செத்தால் பாத்திரம் போயே போயிற்று என்ற விதி 2004-இல் இருந்ததே இல்லை. ஆட்டக்காரர்கள் தாமே அதை வகுத்து, ஆட்-ஆன் எழுதிக் காத்து வந்தார்கள். 2023 ஆகஸ்டில் பிளிசார்டு அதற்கென்று தனிச் சர்வர் திறந்தது.

இதெல்லாம் நிறுவனங்கள் ஏக்கத்தை விற்கும் வியாபாரம் என்ற மறுப்பு நீண்ட பதிலுக்கு உரியதல்ல. நாஸ்டால்ரியஸ் காசு வாங்காமல், தன்னார்வலர்களால் நடந்தது. சந்தையில் யாரும் விற்காத ஒன்றைத் தாமே உண்டாக்கிக்கொண்டவர்களைப் பற்றி, சந்தை அவர்களை ஏமாற்றியது என்பது பொருந்தாது. சில மாதங்களில் பலர் விலகிவிட்டார்களே என்பதும் வலுவான மறுப்பல்ல; எந்த ஆட்டத்திலும் பலர் விலகுகிறார்கள்.

நாஸ்டால்ரியஸ் மூடப்பட்டபின் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு பிளிசார்டுக்குப் போனது. 2016 ஜூனில் அச்சர்வரை நடத்தியவர்கள் நிறுவனத்தாரை நேரில் சந்தித்தார்கள். எதைக் கட்டினோம், எப்படிக் கட்டினோம் என்ற விவரத்தை அவர்கள் அங்கே எடுத்து வைத்தார்கள். ஒரு குடியிருப்பின் ஆட்கள் நில உரிமையாளரிடம் பேசும் முறை அது. பழம்பெருமை பேசுபவர்களின் முறையல்ல.

இங்கே சொன்ன கருத்தைச் சோதிக்க வழியும் உண்டு. மேங்கோஸும் அதிலிருந்து கிளைத்த திட்டங்களும் திறமூலம். டாரனின் கை எட்டும் தொலைவு போன்ற எண்கள் எப்போது, யாரால், எந்தச் சான்றைக் காட்டி மாற்றப்பட்டன என்பது தேதியோடு அவற்றின் மாற்றப் பதிவுகளில் இருக்கிறது. ‘பிழை அல்ல’ பட்டியலின் போர் நுணுக்க வரிகளை ஒவ்வொன்றாக அப்பதிவுகளோடு வைத்துப் பார்க்கலாம். புகார்கள் அந்த ஊக எண்களோடு பொருந்தினால் இளமை மயக்கம் என்ற விளக்கத்தைக் கைவிட வேண்டியிருக்கும். பொருந்தாவிட்டால் இக்கட்டுரையின் நடுப்பகுதி விழும். கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் வாக்கெடுப்பைப் பற்றிச் சொன்னது அப்போதும் நிற்கும்.