ராணுவ வீரர் குடும்பத்துக்கு வீடு விடுறீங்களா? கட்டில், பீரோ வரை எழுதி வாங்குங்க!

தர்மபுரி:

தர்மபுரி மாவட்டத்தில் இருந்து ராணுவத்துக்குப் போனவர்கள் பலர். கணவர் எல்லையில் இருக்க, மனைவி பிள்ளைகள் படிப்புக்காக டவுனில் வாடகை வீடு பிடிப்பது வழக்கம். கட்டில், பீரோ, பிரிட்ஜ் எல்லாம் போட்ட வீடு என்றால் அவர்களுக்கு அலைச்சல் மிச்சம். ஆனால் திடீர் என்று டிரான்ஸ்பர் வந்தால் அட்வான்ஸ், உடைந்த சாமான் என்று தகராறு கிளம்பும். அப்போது பேச வீரர் ஊரில் இருக்க மாட்டார்.

வாய்ப்பேச்சு போதாது

2017-ம் ஆண்டு இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ள தமிழக வாடகை சட்டப்படி, நகர்ப்பகுதி வீடுகளுக்கு எழுத்து மூலம் ஒப்பந்தம் கட்டாயம். 11 மாதம் தானே என்று விட்டுவிட முடியாது. ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். துணை கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாதவரே இந்த அதிகாரி.

ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் 3 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. வாடகை பாக்கி என்றாலும் கரண்ட், தண்ணீரை நிறுத்தக் கூடாது.

என்ன எழுத வேண்டும்?

* ஒவ்வொரு சாமானும் என்ன கம்பெனி, என்ன நிலையில் இருக்கிறது என்ற பட்டியல். இரு தரப்பும் கையெழுத்து போட்டு, போட்டோ எடுத்து வைப்பது நல்லது.

* பிரிட்ஜ், மோட்டார் ரிப்பேர் ஆனால் செலவு யாருடையது?

* டிரான்ஸ்பர் வந்தால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும்? அட்வான்ஸ் எப்போது திரும்பும்?

* வீரர் லீவில் வரும்போதே கையெழுத்து வாங்கலாம். இல்லையென்றால் மனைவி பெயரிலேயே ஒப்பந்தம் போடலாம்.

கோர்ட்டுக்குப் போனால்?

போர் போன்ற சிறப்பு சூழலில் பணியில் இருக்கும் வீரர் மீதான சிவில் வழக்கை கோர்ட்டு நிறுத்தி வைக்க, 1925-ம் ஆண்டின் இந்திய சிப்பாய்கள் வழக்கு சட்டம் வழி செய்கிறது. அதனால் அவசரப்பட்டு வழக்கு போட்டாலும் இழுக்கலாம். முன்கூட்டியே எழுதிய பட்டியல்தான் இரண்டு பேருக்கும் காவல்.

இன்னொரு விஷயம். அடையாளத்துக்கு ஆதார் போதும். ராணுவ அடையாள அட்டையை ஜெராக்ஸ் கேட்பதும், "பட்டாலியன் எங்கே இருக்கு?" என்று துருவுவதும் வேண்டாம்.