ஈறில் இரத்தம் 'இயற்கை' ஆன கதை

எங்க அப்பாயி வெற்றிலை போட்டுத் துப்பினால் அது வெறும் எச்சிலா, இரத்தமும் சேர்ந்ததா என்று யாருக்கும் தெரியாது. ரெண்டும் ஒரே சிவப்பு. யட்டியாந்தோட்டைப் பக்கம் இறப்பர் பால் வெட்டியே கை காய்த்துப்போன மனுஷி. எனக்கு விவரம் தெரிந்த நாளிலேயே அவங்க வாயில் நாலைந்து பல்தான் மிச்சம். பாக்கை உரலில் இடித்துத்தான் போடுவாங்க.

"ஏன் அப்பாயி பல்லெல்லாம் போச்சு?"

"வயசு போனா பல்லும் போகும்தானே புள்ள. ஒங்க தாத்தாவுக்கு முப்பத்தஞ்சுலயே ஆடிருச்சு."

முப்பத்தைந்து ஒரு வயசா என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எங்கள் லயத்தில் அது சாதாரணம். காலையில் பீலியடியில் வாய் கொப்பளிக்கும்போது கொஞ்சம் சிவப்பாக வரும், சில வருஷத்தில் பல் ஆடும், பிறகு விழும். மழை பெய்வது மாதிரி அதுவும் நடக்கும்.

போன வருஷம் கெம்பஸ் விடுதியில் பல் விளக்கும்போது என் வாயிலிருந்தும் நுரை ரோஸ் நிறத்தில் வந்தது. நம்மில் பலர் செய்வதைத்தான் நானும் செய்தேன். தொட்டால் இரத்தம் வருகிறது, அப்படியென்றால் தொடாமல் விடுவோம் என்று அந்தப் பக்கம் விளக்குவதையே நிறுத்திவிட்டேன். இரத்தம் கூடியதே தவிர குறையவில்லை. கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்குக்குப் போனேன். பல்லின் அடியில் கல்லுமாதிரி ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்தார்கள், பிரஷ் பிடிக்கும் முறையைக் காட்டினார்கள். இரண்டு வாரத்தில் இரத்தம் நின்றது. ஒரு சதம் செலவில்லை.

சந்தோஷத்தை விடக் கோபம்தான் அதிகம் வந்தது. இவ்வளவுதானா? இதற்காகவா அப்பாயி அத்தனை பல்லையும் இழந்தாங்க?

அந்தக் கோபத்தில் தேடிப் படித்தபோதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஈறு நோயைப் பற்றி உலகத்துப் பல் மருத்துவர்கள் படிக்கும் மிக முக்கியமான ஆய்வுகளில் ஒன்று மலையகத் தோட்டத் தொழிலாளிகளின் வாய்க்குள் நடந்திருக்கிறது.

பன்னிரண்டு பேரும் மூன்று வாரமும்

கதை டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் தொடங்குகிறது. நோர்வேயைச் சேர்ந்த பல் மருத்துவர் ஹரால்ட் லோவும் அவரோடு வேலை செய்தவர்களும் 1965இல் ஒரு எளிய சோதனையை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேர், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள், பல் விளக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. திரும்ப விளக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் அளவில் சரியானது.

அதுவரை ஈறு நோய்க்கு என்னென்னவோ காரணம் சொன்னார்கள். இந்தச் சோதனை காட்டிய காரணம் ஒன்றுதான்: பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் தினமும் படியும் கிருமிப் படலம். அதை எடுக்காமல் விட்டால் உடம்பு அதோடு சண்டை போடும். ஈறு சிவக்கும், வீங்கும், இலேசாகத் தொட்டாலும் இரத்தம் கசியும். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் பழையபடி ஆகிவிடும். விட்டால் படலம் இறுகிக் காறையாகும். பல்லைப் பிடித்திருக்கும் நாரும் எலும்பும் கரையத் தொடங்கும். கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வராது.

அடுத்த கேள்வி கொஞ்சம் பயங்கரமானது. மூன்று வாரம் அல்ல, ஆயுள் முழுக்கவே யாரும் எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? டென்மார்க்கில் எந்த மாணவனையும் முப்பது வருஷம் பல் விளக்காதே என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே அப்படி விடப்பட்ட மக்கள் வேண்டும்.

480 ஆண்கள்

1969இல் ஒஸ்லோவில் 565 மாணவர்களையும் கல்விமான்களையும் பரிசோதித்தார்கள். 1936 முதலே பிள்ளைகளுக்குப் பல் பராமரிப்புத் திட்டம் இருந்த நகரம் அது. 1970இல் ஒப்பிடுவதற்காக நுவரெலியா மாவட்டத்துக்கு வந்தார்கள். பூண்டுலோயாப் பக்கத்து டன்சினன், ஹரோ தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளிகள். வயது 14 முதல் சுமார் 30 வரை, அனைவரும் தமிழர். அவர்கள் உடம்பு ஆரோக்கியமாகத்தான் இருந்தது, பல்லில் சூத்தைகூட அநேகமாக இல்லை. ஆனால் பல் நோய்த் தடுப்போ சிகிச்சையோ அவர்களை எட்டியதே இல்லை. பிரஷ் பழக்கமும் இல்லை என்று ஆய்வு பதிவு செய்கிறது.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. அடுப்புக்கரியும் வேப்பங்குச்சியும் நம் ஆட்களுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் கரியை விரலில் தொட்டுத் தேய்த்தால் பல்லின் முன்பக்கம்தான் பளிச்சென்று ஆகும். ஈறோரத்திலும் பல்லிடுக்கிலும் இருக்கும் படலம் அப்படியே இருக்கும். அவர்கள் வாயைத் திறந்து பார்த்தபோது அநேகமாக எல்லா ஈறும் அழற்சியோடுதான் இருந்தது.

அதே ஆட்களை 1971, 1973, 1977, 1982, 1985 என்று திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். 1986இல் வெளிவந்த முடிவு இது. 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாக ஓடியது. 81 சதவீதம் பேருக்கு நடுத்தர வேகம். 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி நோய் போகவே இல்லை. வேகமாக ஓடிய கூட்டத்தில் 35 வயதில் 12 பல் போயிருந்தது, 40இல் 20 பல், 45இல் எல்லாமே. நடுத்தரக் கூட்டம் 45 வயதில் ஏழு பல்லை இழந்திருந்தது.

"முப்பத்தஞ்சுலயே ஆடிருச்சு" என்ற என் தாத்தா எந்தக் கூட்டம் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் அந்த 11 சதவீதத்தையும் கவனியுங்கள். அவர்களும் அதே லயம், அதே வேலை, அதே வயது. அவர்களுடைய பல் அநேகமாகப் போகவில்லை. அப்படியானால் "வயசு போனா பல்லும் போகும்" என்பது பொய். பல்லைக் கொண்டுபோவது நோய்தான். சிலருடைய உடம்பு அதைத் தாங்கும், பெரும்பாலோருடையது தாங்காது. நாம் எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே தெரியாததால் எல்லோரும் கவனமாக இருக்கத்தான் வேண்டும்.

161 பேர், 75 பேர்

1985இல் திரும்பக் கிடைத்தவர்கள் 161 பேர். ஆய்வுக் கட்டுரையில் அது ஒரு எண். மலையக வரலாறு தெரிந்தவருக்கு அந்தப் பதினைந்து வருஷமும் வேறு மாதிரித் தெரியும். 1948 சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி கப்பலேறிய குடும்பங்கள். 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுடைமை. 1974இல் பசி. 1977, 1981, 1983 வன்செயல்கள். எங்கள் சப்ரகமுவவில் 1981 ஆகஸ்ட் என்றால் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களில் லயங்கள் எரிந்த மாதம். பல் ஆடுவதைப் பற்றி யோசிக்க யாருக்கு நேரம் இருந்திருக்கும்?

2010இல் வேறொரு குழு அதே ஆட்களைத் தேடிப் போனது. கிடைத்தவர்கள் 75 பேர். நாற்பது வருஷத்தில் அவர்கள் சராசரியாக 13 பல் அளவில் இழந்திருந்தார்கள். 2017இல் வெளியான அந்தக் கட்டுரையின் முடிவு தெளிவானது: முப்பது வயதுக்கு முன்பே ஈறு நோயைக் கவனி, காறையை எடு, புகையை விடு. அதாவது அந்த ஆலோசனை நம் வயதுக்காரருக்கானது.

இப்படி நோயை அதன் போக்கில் விட்டுப் பார்ப்பதற்கு மருத்துவத்தில் 'இயற்கை வரலாறு' என்று பெயர். எனக்கு அந்தச் சொல்தான் உறுத்துகிறது. தோட்டத்தில் பல் வைத்தியர் இல்லாமல் போனது இயற்கையா?

1872லேயே தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென இலங்கையில் சட்டம் வந்துவிட்டது. டிஸ்பென்சரி, மருந்துக்காரர் எல்லாம் வந்தார்கள். ஆனால் அந்த ஏற்பாடு வேலைக்கு ஆள் வேண்டும் என்ற கணக்கில் எழுந்தது. காய்ச்சல் வந்தால் ஆள் குறையும். பல் ஆடினால் கூடை குறையாது. அதற்காக டவுனுக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். இந்த நிலைமையை ஆய்வாளர்கள் உருவாக்கவில்லை. தேடி வந்தார்கள், இருந்தது. அதை இருக்கவைத்தது நூறு வருஷத்துக்கு மேற்பட்ட நிர்வாகம்.

இன்னொன்று, 480 பேரில் ஒரு பெண்கூட இல்லை. கொழுந்தெடுத்த கைகளும் பால் வெட்டிய கைகளும் பாதிக்கு மேல் பெண்களுடையவை. கர்ப்ப காலத்தில் ஹோர்மோன் மாற்றத்தால் ஈறு இன்னும் சுலபமாக வீங்கும், இரத்தம் வரும். "புள்ளைக்கு ஒரு பல்லு" என்று அப்பாயி சொன்னது அதைத்தான். அப்பாயி எந்த ஆய்விலும் இல்லை.

நம் மாகாணத்துக்கு வந்தால்

சப்ரகமுவவிலும் வாய்க்குள் பார்த்தவர்கள் உண்டு. 2006–2007 காலத்தில் நகரம், கிராமம், தோட்டம் மூன்றிலுமாக முப்பது வயதுக்கு மேற்பட்ட 1029 பேரைப் பரிசோதித்தார்கள். புற்றுநோயாக மாறக்கூடிய வாய்ப்புண், வெள்ளைத் தழும்பு போன்றவை 11.3 சதவீதம் பேரிடம் இருந்தன. முக்கியக் காரணம் தினசரி வெற்றிலை. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003இல் அறிவித்தது. வெற்றிலைச் சிவப்புக்குள் ஈறின் இரத்தம் மட்டும் மறையவில்லை, அதைவிடப் பெரியதும் மறைகிறது.

அதனால் வீட்டில் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இரத்தம் வரும் இடத்தை விட்டுவிடாதீர்கள், அங்கேதான் மென்மையாக விளக்க வேண்டும். மெதுவான நாருள்ள பிரஷைச் சாய்த்து ஈறோரத்தில் பிடித்து, புளோரைட் உள்ள பற்பசையால் காலையும் படுக்குமுன்னும் இரண்டு நிமிஷம். பல்லிடுக்குக்கு நூலோ சின்ன பிரஷோ. இறுகிய காறை வீட்டில் போகாது, கிளினிக்கில்தான் எடுக்க வேண்டும். சுரண்டினால் பல் ஆடும் என்பது தவறு. ஏற்கெனவே ஆடும் பல்லைக் காறை மறைத்துக்கொண்டிருந்திருக்கும், அவ்வளவுதான். பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு இரத்தம் குறைவாகத் தெரியும், நோய் குறைவு என்று அர்த்தமில்லை. சீனி வருத்தம் இருந்தால் ஈறு நோய் கூடும், ஈறு கெட்டால் சீனியும் கட்டுப்படாது. கர்ப்பிணிகள் கிளினிக்கில் பல்லையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ வெள்ளைத் தழும்போ இருந்தால் காட்டியே ஆக வேண்டும்.

முக்கியமாக, காய்ச்சலோடு ஈறில் இரத்தம் வந்தால் அது பல் பிரச்சினை இல்லை. கேகாலையும் இரத்தினபுரியும் டெங்கு உள்ள இடங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அஸ்பிரின், புரூபன் வேண்டாம்.

போன விடுமுறையில் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். ஒரு நாள் பேர் போனது. "பல்லுக்குப் போயி பேரை விடுறதா?" என்று வழியெல்லாம் முணுமுணுத்தாங்க. அம்மாவுக்கு இப்போது நாற்பத்தேழு வயது. மூன்று பல் ஆடுகிறது. மீதியைக் காப்பாற்றலாம் என்றார்கள்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாயி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உரலைக் கீழே வைத்தாங்க.

"அப்பவே யாராச்சும் வந்து சொல்லியிருக்கலாமே புள்ள."

வந்தார்கள் அப்பாயி. பக்கத்து மாவட்டத்துக்கு வந்து பதினைந்து வருஷம் பார்த்தார்கள். உலகம் முழுக்கப் போன அந்தப் பாடம் நம் லயத்துக்கு மட்டும்தான் இன்னும் வந்து சேரவில்லை.