ரெங்கத்துத் தோட்டங்களில் அபயம் தேடிய ஸ்திரீகள்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தின் நடுவே, குளுவாங்கிற்குத் தெற்கில், 1909-இல் பூர்த்தியான இரயில் பாதையை ஒட்டி அமைந்த சிற்றூராகிய ரெங்கம், இன்று செம்பனைத் தோப்புகளால் சூழப்பட்டிருப்பினும், ரப்பராகிய பால்மரம் வெட்டுவதற்கென்று சென்னை மாகாணத்துத் தமிழ் ஜில்லாக்களிலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்களால் வளர்ந்த ஊராகும். மலாயாத் தோட்டங்களின் சரித்திரத்தில் ரப்பர் விலையும் வேலைநிறுத்தங்களும் விரிவாக எழுதப்பட்டிருக்க, புருஷனின் கையால் அடிபட்ட ஸ்திரீ அந்த இராத்திரியில் எங்கே போனாள் என்பது அநேகமாக எழுதப்படவே இல்லை. அவள் பொறுமைசாலி, மானத்துக்கு அஞ்சி வாய் திறவாதவள் என்று நாம் சொல்லி வந்திருக்கிறோம். அது அவளுக்குச் செய்த அநியாயம் என்பதே என் அபிப்பிராயம்.

அவள் முறையிட யார் இருந்தார்? சொந்த ஊரில் ஆள்கட்டி அழைத்து வந்த கங்காணியே, பெரட்டு என்னும் காலை ஆஜரில் தலை எண்ணுகிறவனாகவும், லயம் என்னும் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் எழும் வழக்குகளை விசாரிக்கிறவனாகவும் இருந்தான். தன் ஆட்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு பெற்றவனாதலால், ஒரு ஸ்திரீ புருஷனைப் பிரிந்து தோட்டத்தை விட்டுப் போவது அவனுக்கு நஷ்டமாயிற்று. அவனுக்கு மேல் எழுத்தரான கிராணி, கிராணிக்கு மேல் தோட்ட நிர்வாகியான துரை. தொழிலாளர் நலனைக் கவனிக்க வேண்டிய இந்திய அரசின் ஏஜெண்டோ தொலைவில், கோலாலம்பூரில் இருந்தார். அவள் குடியிருந்த அறை தோட்டத்துக்குச் சொந்தம். தாய்வீடு கடலுக்கு அப்பால். 1920-களின் இறுதியில் மலாயாவின் முக்கிய வட்டாரங்களில் அரசாங்கம் வகுத்த நாட்கூலி ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக இருந்தது. தோட்டத்துக் கள்ளுக்கடை அதிலும் ஒரு பங்கைக் கொண்டுபோயிற்று. 1931-ஆம் வருஷத்துக் குடிக்கணக்கின்படி மலாயா இந்தியரில் 1,000 ஆண்களுக்கு 500 பெண்கள்கூட இல்லாதிருந்தமையால், துணைக்கு வரத்தக்க பெண் உறவும் அவளுக்கு அரிதாயிருந்தது.

அடி விழும் ஓசை பலகைச் சுவருக்கு அப்பால் கேட்டும் அண்டை வீட்டார் அவளை உள்ளே அழைக்கத் தயங்கியதற்குச் சட்டமும் ஒரு காரணம் என்பதை நம்மில் பலர் அறியோம். இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பின்பற்றி மலாயாவில் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டத்தின் 498-ஆம் பிரிவு, பிறன் மனைவியைத் தகாத நோக்கத்துடன் அழைத்துச் செல்வதையும் மறைத்து வைப்பதையும் குற்றமாக்கியிருந்தது. நோக்கத்தை நிரூபித்தாக வேண்டும் என்பது மெய்யே. ஆயினும் நிரூபணத்துக்கு முன்பே புகாரும் விசாரணையும் அவதூறும் வந்துவிடுமாகையால், அவளுக்கு ஒரு பாய் விரித்துக் கொடுக்கும் தர்மசிந்தையுடையவனும் கோர்ட்டு வாசலை நினைத்து அஞ்ச வேண்டியதாயிற்று. மனைவியைப் புருஷனின் உடைமையாகக் கருதிய இந்தப் பிரிவில், புருஷனை அபகரித்தவள்மீது மனைவி வழக்குத் தொடர இடமே இருக்கவில்லை. தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டி நடந்த விவாகங்களுக்குப் பெரும்பாலும் பத்திரம் கிடையாது என்பதையும் சேர்த்து எண்ணினால், அவள் எந்த அதிகாரியிடம் எதைக் காட்டி நியாயம் கேட்டிருக்க முடியும்?

பரிகாரங்கள் மிகவும் தாமதித்தே வந்தன. முஸ்லிம் அல்லாதாரின் விவாகங்களைப் பதிவு செய்யும் சட்டம் 1982 மார்ச் 1 முதல் அமலாயிற்று. அதே வருஷத்தில் பெண்கள் உதவி அமைப்பு தோன்றி, அடிபட்ட பெண்களுக்கான காப்பகத்தை ஏற்படுத்தியது. ஆயினும் அது ரெங்கத்துத் தோட்டங்களுக்கு எட்டாத தூரத்தில், தலைநகரை அடுத்து இருந்தது. மாதர் இயக்கங்கள் பல வருஷங்கள் போராடிப் பெற்ற குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் நிறைவேறியும், 1996 ஜூன் வரை அமலுக்கு வராமல் கிடந்தது. 2018 முதல், போலீஸ் புகாரோ கோர்ட்டு உத்தரவோ இன்றி, சமூகநல அதிகாரியிடமே ஏழு நாட்களுக்கான அவசரப் பாதுகாப்பு ஆணையைப் பெறலாம் என்றாயிற்று. முன் சொன்ன 498-ஆம் பிரிவோ, 2023 டிசம்பரில்தான், அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று கூட்டரசு நீதிமன்றத்தால் தள்ளப்பட்டது.

ஆகவே, ரெங்கத்திலோ வேறெங்கோ அண்டை வீட்டில் ஒரு பெண் அடிபடுவதை அறியும் மலேசியத் தமிழன்பர்கள், அது அவர்கள் குடும்ப விஷயம் என்று ஒதுங்காமல், அவளுக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்து, 15999 என்னும் அரசாங்க உதவித் தொலைபேசியை அவளுடன் இருந்து அழைக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.