தெக்கியோன்: கொரிய மக்களின் தற்காப்புக் கலை



டேக்வாண்டோ என்ற பெயரை நம் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். 1962ஆம் ஆண்டில் தென் கொரியத் தூதராக மலாயாவுக்கு வந்த ஜெனரல் சோய் ஹொங் ஹி அக்கலையை இந்நாட்டில் அறிமுகப்படுத்தினார். டேக்வாண்டோ என்ற பெயரே 1955ஆம் ஆண்டில்தான் சூட்டப்பட்டது. ஆனால், கொரிய மண்ணில் அதற்கு மூத்த கலை ஒன்று உண்டு. தெக்கியோன் என்பது அதன் பெயர். அது எப்படி மறைய இருந்தது, எப்படிப் பிழைத்தது என்பதை இன்று நாம் காண்போம்.

தெக்கியோன் அரண்மனையில் மட்டும் வளர்ந்த கலையன்று. சாதாரண மக்கள் ஊர்த்திடலில் ஆடிய ஆட்டம் அது. 1846ஆம் ஆண்டில் யூ சுக் என்ற ஓவியர் வரைந்த படம் ஒன்றில், ஒருபுறம் இருவர் மல்லுக்கட்டுகிறார்கள். மறுபுறம் இருவர் தெக்கியோன் ஆடுகிறார்கள். சுற்றிலும் மக்கள் கூடியிருந்து வேடிக்கை பார்க்கிறார்கள். ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளில் வரும் தானோ திருநாளில் ஓர் ஊரார் மற்றோர் ஊராருடன் போட்டியிடுவது வழக்கம். முதலில் சிறுவர்கள் இறங்குவார்கள். பிறகு பெரியவர்கள் மோதுவார்கள்.

இக்கலையின் அடிப்படை காலடி. நம் சிலம்பத்திலும் காலடிதானே முதல் பாடம்? தெக்கியோனில் இதனைப் பும்பால்கி என்பர். தரையில் ஒரு முக்கோணம் இருப்பதாக எண்ணிக் கொள்ளுங்கள். அதன் மூன்று முனைகளிலும் மாறி மாறிக் கால் வைத்து, முழங்காலைத் தளர்த்தி, இடுப்பை அசைத்து ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். கைகள் பறவையின் சிறகுகளைப் போல வீசிக்கொண்டிருக்கும். வாயிலிருந்து “இக்! எய்க்!” என்ற ஒலி எழும், அது மூச்சையும் அசைவையும் ஒன்று சேர்க்கிறது. பார்ப்பவருக்கு நடனம் போலத் தோன்றும். ஆனால், அந்த அசைவுக்குள்ளிருந்துதான் கால் திடீரெனப் பாயும்.

பயிற்சி மூன்று படிகளாக நடைபெறும். முதலில் மாணவர் தனியே நின்று காலடியும் உதையும் பழகுவார். அடுத்து ஒரு துணையை எதிரே நிறுத்தி, மாறி மாறித் தாக்கியும் தடுத்தும் பழகுவார். மூன்றாவதாகவே போட்டியில் இறங்குவார். காலைத் தட்டியோ வாரியோ எதிராளியைக் கீழே விழச் செய்தால் வெற்றி. முகத்தில் கால் பட்டாலும் வெற்றி. முட்டியை மடக்கிக் குத்துவதற்கு இடமில்லை. ஆட்டக்காரர் தம் காலொன்றை எதிராளிக்கு எட்டும்படி முன்னே வைத்து நிற்கவேண்டும். உதைக்கும்போதும், காயம் உண்டாகாதபடி பாதத்தால் தள்ளுவது போல உதைக்க வேண்டும். எதிரே நிற்பவரும் நம் அண்டை ஊர்க்காரர்தான் என்ற எண்ணம் இவ்விதிகளில் தெரிகிறது.

நேயர்களே, மலாயாவில் ஜப்பானியர் ஆட்சி மூன்றரை ஆண்டுகள் நீடித்தது. சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களை நம் குடும்பங்கள் இன்றும் மறக்கவில்லை. கொரிய மக்களோ 1910 முதல் 1945 வரை, முப்பத்தைந்து ஆண்டுகள், அந்த ஆட்சியின் கீழ் வாழ்ந்தனர். ஊர் கூடி ஆடிய தெக்கியோன் அக்காலத்தில் ஒடுங்கிப் போயிற்று. விடுதலை வந்த சில ஆண்டுகளில், 1950இல், போர் மூண்டது. 1953இல் சண்டை ஓய்ந்தபோது இக்கலையை முறையாக அறிந்தவர்களைக் காண்பதே அரிதாயிற்று.

அப்படி எஞ்சியவர்தான் சோங் டோக் கி. 1893ஆம் ஆண்டில் சியோல் நகரில் பிறந்த அவர், சிறுவயதில் இம் ஹோ என்ற ஆசானிடம் தெக்கியோன் கற்றவர். 1958ஆம் ஆண்டில் அந்நாட்டு அதிபர் முன்னிலையில் அவர் ஆடிக் காட்டினார். ஆயினும், கற்றுக்கொள்ள ஆளில்லாவிட்டால் அவரோடு அது முடிந்திருக்கும்.

ஆள் வந்தது. ஷின் ஹான் சுங் என்பவர் முதியவரிடம் கற்றார். கற்றதோடு நிற்காமல், ஒவ்வோர் அசைவையும் குறித்து வைத்தார், பாடமுறையாக வகுத்தார், சுங்ஜு நகரில் மாணவர்களைப் பயிற்றுவித்தார், அரசின் அங்கீகாரத்துக்காக உழைத்தார். அதன் பயனாக, 1983ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தென் கொரிய அரசு தெக்கியோனை நாட்டின் 76ஆவது பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. அப்போது சோங்கிற்கு வயது 90.

நான்கே ஆண்டுகளில், 1987இல், ஆசானும் மாணவரும் இருவருமே காலமாயினர். அந்தக் குறிப்புகளும் மாணவர்களும் இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 2011ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தெக்கியோனை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

தாய்மார்களே, தந்தைமார்களே! நம் தோட்டத்துத் திடல்களில் சிலம்பம் சுற்றியவர்களும், காமன் கூத்து ஆடியவர்களும், தப்படித்தவர்களும் நம்மிடையே முதியவர்களாக இருக்கலாம். இன்று மாலை உங்கள் பிள்ளையை அவர்கள் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். கையில் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகமும் பென்சிலும் இருக்கட்டும். தாத்தா காலடி வைத்துக் காட்டினால், பேரன் எழுதி வைக்கட்டும்; எழுதியதை எழுந்து நின்று ஆடிப் பார்க்கட்டும்.