தறியின் அட்டையும் அச்சில் பிறந்த ஆடையும்



மைசூர்த் தேவராஜ மொஹல்லாவில் வாழும் தமிழன்பர்கள், மார்க்கெட்டின் மல்லிகை மணத்தையும் அருகிலுள்ள பட்டுக் கடைகளையும் நன்கறிவர். அக்கடைகளின் பெருமையான மைசூர்ப் பட்டு, விசைத்தறியில் பிறப்பது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில், 1912-ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்துத் தறிகளைக் கொண்டு பட்டாலை தொடங்கப்பெற்றது. இயந்திரம் வந்தால் கைவினை மாயும் என்னும் அச்சம் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

அவ்வச்சம் மிகப் பழையது. பிரான்சின் லியோன் நகரில் சித்திரப் பட்டு நெய்வதற்கு, ஒருவர் நெய்ய, மற்றொருவர் கயிறுகளை இழுக்க வேண்டியிருந்தது. 1804-இல் ஜக்கார்டு என்பார் துளையிட்ட அட்டைகளால் அவ்வேலையை முடித்தார். துளையிருந்தால் பாவு நூல் எழும், இல்லையேல் கிடக்கும். வேலையிழப்புக்கு அஞ்சிய நெசவாளர் அவரைச் சினந்தனர். ஆயினும், ‘உண்டு, இல்லை’ என்னும் அவ்விரு சொல் மொழியே பின்னர்ச் சார்லஸ் பாபேஜின் கணக்குப் பொறித் திட்டத்திற்கு வழிகாட்டிற்று. கணிப்பொறி தறிக்குக் கடன்பட்டது எனலாம்.

இன்று அக்கணிப்பொறி ஆடைக்கே திரும்பியுள்ளது. பொருளை அடுக்கடுக்காகப் படியவைத்து உருவாக்கும் முப்பரிமாண அச்சு முறைக்கு, அமெரிக்கரான சார்லஸ் ஹல் 1984-இல் காப்புரிமை கோரினார். 2010-இல் டச்சு நாட்டு ஐரிஸ் வான் ஹெர்ப்பன் அம்முறையில் செய்த ஆடையை ஆம்ஸ்டர்டாம் அரங்கில் காட்டினார். 2014-இல் அமெரிக்காவில் நைலான் பொடியால் அச்சான ஓர் உடையில் 2,279 முக்கோணத் துண்டுகளும் 3,316 கீல்களும் இருந்தன. மடித்த பொட்டலமாகவே அச்சாகிப் பின் விரிந்தது அது. தனித்தனித் துண்டு விறைப்பானது. கீல்களின் கூட்டமோ துணிபோல் துவண்டது. ஊசியில்லை, நூலில்லை. ஆயினும் எங்கே மடிய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் எனத் தீர்மானித்தது மனித அறிவே.

ஓர் ஐயம் எஞ்சுகிறது. கணிப்பொறியில் வரைந்த உருவை நொடியில் நகலெடுக்கலாம். அதைப் படைத்தவரின் பெயரும் கூலியும் என்னாவது? இதற்கு மைசூரே ஒரு விடை தருகிறது. போலிகளைத் தடுக்க, அரசுப் பட்டாலைச் சேலை ஒவ்வொன்றிலும் தனிக் குறியீட்டெண் தையலாகப் பொறிக்கப்படுகிறது. அது மைசூர், இயந்திரத்தை ஏற்றது. பொருளின் அடையாளத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

நேயர்களே, உங்கள் இல்லத்திலும் பாட்டனார் தறியில் அமர்ந்திருக்கலாம். பேத்தி கணிப்பொறியின்முன் அமர்ந்திருக்கலாம். இருவர் தொழிலும் ஒன்றே. அவர் கைக்கு உரிய மதிப்பு இவள் கைக்கும் கிடைக்க வேண்டும்.